பல்பம் தின்றவள்

ஆறாம் வகுப்பில் நான்தான் லீடர். ஆசிரியர் இல்லாத நேரத்தில் கரும்பலகையின் வலது மூலையில் 'பேசியவர்கள்', 'தூங்கியவர்கள்' என்று இரண்டு தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவது என் வேலை. பேசியவர்கள் பட்டியல் நாளுக்கு நாள் மாறும். தூங்கியவர்கள் பட்டியலில் ஒரு பெயர் மட்டும் மாறாது. சுவரோரம் உட்காரும் ஒரு பெண். மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லோருக்கும்தான் கண் சொருகும். அவள் காலை முதல் பீரியடிலேயே தூங்குவாள்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒன்றாம் வகுப்பில் படித்த தம்பியின் பையிலிருந்து பல்பத்தை எடுத்து வந்து, யாரும் பார்க்காதபோது கடித்துத் தின்பாள். அது தீர்ந்தால் கரும்பலகைக்குக் கீழே கிடக்கும் சாக்பீஸ் துண்டு. அதையும் நான்தான் காட்டிக்கொடுத்தேன். தூங்கியதற்கு இரண்டு, பல்பத்துக்கு இரண்டு என்று உள்ளங்கையில் பிரம்படி விழும். கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவாள். ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

இருபத்தைந்து வருடங்களாக நான் இதை நினைத்துப் பார்த்ததே கிடையாது. போன வருடம் அக்கா மகள் விஷயத்தில் நடந்த ஒன்றுதான் மறுபடி அந்தக் கரும்பலகையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

அக்கா எங்கள் ஊரிலேயே இருக்கிறாள். அவள் மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. அக்கா போனில் சொன்னாள்: "படிப்புல நாட்டமே இல்லடா தம்பி. எப்பப் பாரு தூக்கம். புக்க எடுத்தா அரை மணி நேரம் தாங்கல. நீ ஒரு வார்த்த சொல்லு, நீ சொன்னா கேப்பா." நானும் சொன்னேன். காலை நாலு மணிக்கு எழுந்து படித்தது, கரண்ட் இல்லாத ராத்திரிகளில் மண்ணெண்ணெய் விளக்கு, அப்புறம் பொறியியல் கல்லூரி, வேலை. இந்தக் கதையை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேனோ, எனக்கே மனப்பாடம். எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கம் 'சரி மாமா' என்று ஒரு பதில்தான்.

இரண்டு வாரம் கழித்து மருத்துவக் குழு ஒன்று பள்ளிக்கு வந்தது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்கள், விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 8.6. பன்னிரண்டு முதல் பதினான்கு வயது வரை 12-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. "டாக்டரம்மா கேட்டாங்கடா, மண்ணு கிண்ணு திங்கிறாளான்னு. பச்சரிசிய அள்ளி அள்ளித் திம்பா. இப்படித் தின்னா உன் கல்யாணத்துல மழை பேயும்டின்னு நான் திட்டிக்கிட்டே இருப்பேன். அது வியாதின்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் அக்கா.

மண், சாம்பல், பச்சரிசி, பல்பம், சுவர்ச் சுண்ணாம்பு என்று உணவல்லாததையோ சமைக்காததையோ தின்னத் தோன்றும் இந்த வேட்கைக்கு மருத்துவத்தில் 'பைக்கா' என்று பெயர். இரும்புச் சத்து குறைந்தவர்களிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. பல்பத்தில் இரும்பு ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. உடம்பு எதையோ தேடுகிறது, எதைத் தேடுகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. சோர்வும் அப்படித்தான். ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் இரும்பு இல்லாமல் உருவாகாது. மூளையில் டோபமின் போன்ற வேதிப்பொருள்கள் தயாராகவும் இரும்பு வேண்டும். ஒரு விஷயத்தில் கவனத்தை நிறுத்துவது, ஆர்வம் கொள்வது, விடாமல் உட்காருவது என்று நாம் குணத்தின் கணக்கில் எழுதும் பலவற்றுக்கு அடியில் இந்த வேதியியல் ஓடிக்கொண்டிருக்கிறது.

2016 முதல் 2018 வரை நாடு முழுக்க நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, பத்து முதல் பத்தொன்பது வயது வரையிலான பெண்பிள்ளைகளில் 40 சதவீதம் பேருக்கும் ஆண்பிள்ளைகளில் 18 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருப்பதைக் கண்டது. ஐந்து முதல் ஒன்பது வயது வரை உள்ளவர்களில் 24 சதவீதம். அதே சிறுவயதுப் பிரிவில் வைட்டமின் ஏ குறைபாடு 22 சதவீதம், துத்தநாகக் குறைபாடு 17 சதவீதம். இத்தனை பேரும் வகுப்பில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். ஒருவரும் 'எனக்குத் துத்தநாகம் குறைகிறது' என்று கை தூக்கியிருக்க முடியாது.

வயிற்றுப் பசியின் கதை வேறு. பசித்த குழந்தை அழும், கேட்கும், மயங்கி விழும். தமிழ்நாடு அந்தக் குரலைக் கேட்டது. 1956-இல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். பிறகு முட்டை வந்தது. 2022-இல் காலை உணவும் வந்தது. நானும் அந்தச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றவன்தான். அதன் அருமை தெரியும். ஆனால் தட்டு நிறைந்த பிறகும் ஒரு பசி மிச்சம் இருக்கிறது. அதற்குக் குரல் கிடையாது.

என் தொழிலில் இதற்குப் பக்கத்தில் வரும் ஓர் அனுபவம் உண்டு. சர்வர் விழுந்துவிட்டால் நடுராத்திரியில் போன் அடிக்கும், நாலு பேர் எழுந்து உட்கார்ந்து சரிசெய்வோம். விழாமல் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்தான் ஆபத்து. கொஞ்ச நாளில் எல்லோரும் பழகிவிடுவார்கள். 'அது எப்பவுமே ஸ்லோதான்' என்று அதன் சுபாவமாகவே ஆக்கிவிடுவார்கள். அதிலும் மோசம், கண்காணிக்கும் புரோகிராமும் அதே சர்வரிலேயே ஓடுவது. மெமரி தீரும்போது அதுவும் சேர்ந்து மந்தமாகிவிடும். எச்சரிக்கையே வராது. ரத்தசோகை உள்ள குழந்தையின் நிலை இதுதான். புகார் சொல்ல வேண்டிய உடம்பும், அதைக் கவனிக்க வேண்டிய மனசும் அதே குறைபாட்டுக்குள் இருக்கின்றன. பிறந்ததிலிருந்து களைப்பாக இருப்பவளுக்குக் களைப்பு என்று தனியாக ஒன்று எப்படித் தெரியும்? ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் இன்னொரு உடம்பு இல்லையே.

அமர்த்தியா சென் தன் எழுத்தில் ஒரு பழைய கணக்கெடுப்பைச் சுட்டிக்காட்டுகிறார். வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம், 1944-இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் எடுத்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தங்களுக்கு உடல்நிலை சரியில்லை அல்லது சுமார்தான் என்று சொன்னார்கள். கைம்பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். கைம்பெண்கள் அவ்வளவு ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. 'எனக்கு முடியலை' என்று சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்பதையே மறந்தவர்களின் பதில் அது. ஒருவர் குறையொன்றுமில்லை என்று சொல்வதை வைத்து அவருக்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று முடிவுகட்ட முடியாது என்பது சென் இதிலிருந்து எடுக்கும் பாடம். எனக்கு இதைப் படித்தபோது அம்மா ஞாபகம் வந்தாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடிச்சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு ஒரு டீ குடிப்பாள். சாப்பாட்டோடு குடிக்கும் டீ, சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது என்பது அவளுக்கு மட்டுமில்லை, எனக்கும் அப்போது தெரியாது.

இதுவரை சொன்னது மற்றவர்களைப் பற்றி. என்னைத் தொந்தரவு செய்தது இதற்கு அடுத்த படி.

திறமை பிறவியில் வருவது, அது இல்லாததற்கு ஒருவரைக் குறைசொல்லக் கூடாது, ஆனால் முயற்சி அவரவர் கையில் இருக்கிறது என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். திருக்குறளில் மடியின்மை என்று ஓர் அதிகாரம், அதை அடுத்து ஆள்வினையுடைமை. சோம்பலைப் பழித்த கையோடு முயற்சியைப் புகழ்கிறார் வள்ளுவர். எங்கள் பள்ளியில் மனப்பாடம் செய்யவைத்தது பெரும்பாலும் இந்தப் பகுதிதான். ஜான் ரால்ஸ் 1971-இல் வெளிவந்த தன் நீதிக் கோட்பாட்டு நூலில் இந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்கிறார். திறமை மட்டுமில்லை, முயற்சி செய்யத் தூண்டும் குணமும்கூடப் பெருமளவு நல்ல குடும்பமும் சூழலும் கொடுத்தது, அதற்கு நாம் உரிமை கொண்டாட முடியாது என்கிறார். கல்லூரியில் இதைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. நாலு மணிக்கு எழுந்தவன் நான்தானே? ரால்ஸ் வந்து எழுப்பிவிட்டாரா?

அக்கா மகளின் ரிப்போர்ட்டைப் பார்த்த அன்று வேறொரு காட்சி ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பார்கள். அம்மா கறிக்கடைக்காரரிடம் சொல்லிவைத்துச் சுவரொட்டி வாங்கி வருவாள். மிளகு போட்டு வதக்கி என் தட்டில் வைப்பாள். "படிக்கிற புள்ள, ரத்தம் ஊறணும்." ஆட்டின் மண்ணீரலில் இரும்பு அதிகம். அது உடம்பில் சேருவதும் கீரையில் இருப்பதைவிடப் பல மடங்கு சுலபம். அம்மாவுக்கு ஹீமோகுளோபின் என்ற சொல் தெரியாது, விஷயம் சரியாகத் தெரிந்திருந்தது. யார் தட்டில் வைப்பது என்பதில்தான் தவறியது. பக்கத்தில் என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா உட்கார்ந்திருப்பாள். வயதுக்கு வந்துவிட்டவள். மாதாமாதம் ரத்தம் இழக்கும் அவள் உடம்புக்கு என்னுடையதைவிட அதிக இரும்பு தேவைப்பட்ட காலம் அது. அவள் தட்டில் குழம்பு இருக்கும். அக்கா பத்தாம் வகுப்பில் ஃபெயில் ஆனாள். 'அவளுக்குப் படிப்பு வரல' என்றது வீடு. அவளும் அப்படியே சொன்னாள், இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாள்.

சுவரொட்டி சாப்பிட்டதால்தான் நான் இன்ஜினியர் ஆனேன் என்று சொல்ல வரவில்லை. நான் எழுந்தது உண்மை, படித்ததும் உண்மை. ஆனால் எழ முடிந்த உடம்பு என் முயற்சிக்கு முன்னாலேயே எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது, அதில் ஒரு பங்கு இன்னொரு தட்டிலிருந்து எடுத்தது. முயற்சி என்பது சுத்தமாக என்னுடையது என்றால், முயலாமை சுத்தமாக அவளுடையது ஆகிவிடும். இரண்டாவதை என்னால் இனிமேல் நம்ப முடியாது. அதனால் முதலாவதையும் கொஞ்சம் தளர்த்தித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இதில் எதிர்ப்பக்கமாக வழுக்கிவிடவும் வாய்ப்பு இருக்கிறது. எல்லாம் இரும்புதான் என்றால் மனிதர் வெறும் ரத்தக் குழாயாகிவிடுவார். ரத்தசோகை உள்ள எத்தனையோ பேர் படித்து முன்னேறியிருக்கிறார்கள், நல்ல ரத்தம் உள்ள சோம்பேறிகளும் உண்டு. இன்னொன்று, காரணம் ரத்தத்தில் இருப்பதால் தீர்வும் மாத்திரையோடு முடிந்தது என்று நினைத்துவிடுவோம். பள்ளிகளில் வாரம் ஒருமுறை இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கிறார்கள். வளரிளம் பருவத்தினருக்கு நீலம், சிறியவர்களுக்கு ரோஸ். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க மாத்திரை. நல்ல ஏற்பாடு. ஆனால் அக்கா மகள் நீல மாத்திரையை வாயில் வைத்துக்கொண்டு போய்க் குழாயடியில் துப்பியிருக்கிறாள். "குமட்டுது மாமா. வெளிக்குப் போனா கறுப்பாப் போகுது. பயமா இருந்துச்சு." கறுப்பாகத்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்று ஒருவர் அவளிடம் முதலிலேயே சொல்லியிருந்தால் போதும். காலில் செருப்பில்லாமல் திறந்தவெளிக்குப் போகிற பிள்ளைக்குக் கொக்கிப்புழு மறுபடி வரும். கடைசியாகச் சாப்பிடும் தாய்க்குச் சோகையோடு அடுத்த குழந்தை பிறக்கும். ஆரம்பத்தில் விட்டது எல்லாவற்றையும் பிறகு பிடித்துவிட முடியாது என்பதும் தெரிந்திருக்கிறது. பெட்ஸி லோசாஃப் என்ற மருத்துவர் கோஸ்டா ரிகாவில், கைக்குழந்தைப் பருவத்தில் கடுமையான இரும்புக் குறைபாடு இருந்தவர்களைப் பத்தொன்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார். சிறு வயதிலேயே சிகிச்சை கொடுத்திருந்தும் அறிவுத்திறன் சோதனைகளில் அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள்.

சொல்லத் தெரியாதவர்களுக்காக நாம் முடிவெடுக்கிறோம் என்பதற்காக அவர்களிடம் சொல்லாமலே முடிவெடுக்கலாமா? ரேஷன் அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செய்த மணிகளைக் கலந்தார்கள். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கு. அம்மா முறத்தில் போட்டு அவற்றைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். "பிளாஸ்டிக் அரிசிடா, தண்ணியில மிதக்குது பாரு." எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், ஐம்பது வருடமாக அரிசி களைந்த கை அது. அரிசியில் புதிதாக ஒன்று இருப்பதைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறது. அது என்னவென்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. தலசீமியா, அரிவாள் செல் சோகை உள்ளவர்கள் இரும்பு சேர்த்த உணவில் கவனமாக இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சிலர் எச்சரிப்பதும் உண்டு. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் இருப்பது 1950-களிலேயே அறியப்பட்ட விஷயம். ரேஷன் அரிசியை நம்பியிருப்பவர்களுக்கு வேறு அரிசியைத் தேர்ந்தெடுக்க வசதி கிடையாது. உடம்பின் புகார் நமக்குக் கேட்பதில்லை, சரி. வாயால் சொன்ன புகாரையும் வதந்தி என்று ஒதுக்கினால், பேசாதவர்களுக்காகப் பேசுகிறோம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

அக்கா மகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தினம் இரண்டு மாத்திரை, மூன்று மாதத்துக்குக் கொடுத்தார்கள். நர்ஸ் பொறுமையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். டீயோடு வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் போடு, நெல்லிக்காயோ எலுமிச்சை ஜூஸோ எடுத்துக்கோ, கறுப்பாகப் போனால் பயப்படாதே. மூன்று மாதத்தில் 11.2. மார்க் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. இதைக் கேட்டதும் எனக்கு ஒரு சின்ன ஏமாற்றம் வந்தது, அந்த ஏமாற்றத்தை நினைத்து வெட்கமும் வந்தது. மார்க் ஏறினால்தான் அவள் ரத்தத்துக்கு மதிப்பா? நுண்ணூட்டத்துக்குச் செலவு செய்தால் நாட்டின் உற்பத்தி பெருகும் என்று பேசுவதிலும் இதே பிசகு இருக்கிறது. ஒரு பிள்ளை களைப்பில்லாமல் மாடிப்படி ஏறுவது, வேறெந்த லாபத்துக்காகவும் இல்லாமல், அதுவாகவே நாம் அவளுக்குத் தர வேண்டிய கடன்.

வேறு ஒன்று மாறியிருக்கிறது. "முன்னல்லாம் என்ன சொன்னாலும் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. இப்ப எதுத்துப் பேசுறாடா" என்று அக்கா அலுத்துக்கொண்டாள். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். "மாமா, அந்த நாலு மணிக்கு எழுந்த கதைய மட்டும் இனிமே சொல்லாதீங்க. போர் அடிக்குது" என்றாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் புகார்.

ஆடித் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்தச் சுவரோரத்துப் பெண்ணைப் பார்த்தேன். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள், நூறு நாள் வேலைக்குப் போகிறாள். கரும்பலகையில் பெயர் எழுதியதைச் சொல்லி, அது தப்பு என்றேன். சிரித்தாள். "அட, அதெல்லாம் ஞாபகம் வச்சிருக்கியா? நீ என்ன பண்ணுவ, எனக்கு மண்டையில ஏறாது, நான் மக்கு." அன்றைக்கு அவளுக்குச் சோகை இருந்ததா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கும் தெரியாமல்தான் இருந்தோம். தெரியாத இடத்தில் மக்கு என்ற சொல்லை எழுதி நிரப்பினோம், அவள் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

பல்பம் இன்னும் தின்கிறாயா என்று விளையாட்டாகக் கேட்டேன். "பல்பம் இல்ல. மழை பெஞ்சா மண்ணு வாசனைக்கு நாக்கு ஊறும். அடுப்புமண்ணு ஒரு துண்டு வாயில போட்டுக்குவேன்." ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னேன். என்ன, ஏன் என்று விளக்கினேன். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி போறேன் என்றாள்.

புதன்கிழமை அக்கா மகளைக் காட்ட சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, வழியில் அவளையும் கையோடு கூட்டிப்போகச் சொல்லி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். கூடவே அக்காவும் விரலை நீட்ட வேண்டும் என்றும்.